கோவை காந்திபுரம் செம்மொழிப் பூங்கா: போய் வந்தவர்களும் போகப் போகிறவர்களும் இங்கே வாங்க

காட்டூர் அக்கா
ஞாயிறு, இரவு 9.20

பத்து நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியவில்லை. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எங்கள் தெருவில் கூட்டிக்கொண்டு போனால் நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு பைக் வந்துவிடும், அம்மா சுவரோடு ஒட்டி நின்றுவிடுவார். அப்புறம் வீட்டுக்குத் திரும்பு என்று ஒரே பிடிவாதம்.

இன்றைக்குக் காலையில் பக்கத்திலேயே இருக்கிற செம்மொழிப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். 2025 நவம்பர் 25 அன்று அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தது, டிசம்பரில் எல்லாருக்கும் விட்டார்களே, அதேதான். "எங்க போறோம்?" என்று கேட்டார். சொன்னேன். "ஜெயிலுக்குள்ளயா?" என்றார். அவர் கல்யாணமாகிக் காட்டூருக்கு வந்த நாளிலிருந்து அந்த இடம் அவருக்கு ஜெயில்தான். மத்திய சிறைக்குச் சொந்தமான நிலத்தில் 45 ஏக்கர் இப்போது பூங்கா. அதை அவருக்குப் புரியவைக்க ஆட்டோவில் போகிற நேரம் முழுக்க ஆனது.

பெரியவர்களுக்கு 15 ரூபாய், குழந்தைகளுக்கு 5 ரூபாய். உள்ளே போனதும் அம்மா நின்றுவிட்டார். பயத்தில் இல்லை, பார்ப்பதற்காக. வண்டிச் சத்தம் பின்னால் போய்விட்டது, முன்னால் சமமான பாதை. நாங்கள் முழுசாகச் சுற்றவில்லை, ஒரு மூலையைத்தான் பார்த்தோம். நட்சத்திரத் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. 27 நட்சத்திரத்துக்கும் உரிய மரங்கள். அம்மா அனுஷம். அனுஷத்துக்கு மகிழ மரம். அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த அக்காவிடம் "மகிழம் எது கண்ணு?" என்று கேட்டார். அவர் கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து வந்து காட்டினார்.

சின்னக் கன்று. அம்மா தன் கைத்தடியை அதன் பக்கத்தில் நிறுத்தி அளந்தார். தடியின் வளைந்த பிடிக்கு இரண்டு விரல் கீழே வந்தது. "அடுத்த வாரம் வந்து பாக்கோணும்" என்றார். வெளியே வரச் சொல்லி நான்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. நாற்பது நிமிஷம் நடந்திருக்கிறார், மூன்று மாதத்தில் முதல் தடவை!

யாரெல்லாம் போனீர்கள்? எந்தப் பக்கம் நல்லா இருக்கு? சொல்லுங்கள், அம்மாவுக்கு அடுத்த வாரத்துக்கு ஒரு திட்டம் வேண்டும்.


துபாய்த் தம்பி
ஞாயிறு, இரவு 9.48

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எனக்கு இந்தப் பூங்கா வேறு விதத்தில் மனசுக்கு நெருக்கம். 2010 ஜூன் 23 முதல் 27 வரை நம் ஊரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது நான் காலேஜ் இரண்டாம் வருடம். அவிநாசி ரோட்டில் மாநாடு நடந்த கொடிசியா வளாகம் பக்கம் வெளியூர்க்காரர்களுக்கு வழி காட்டுகிற வேலை. சாப்பாட்டுப் பொட்டலமும் தொண்டை வறட்சியும்தான் நினைவில் நிற்கிறது, ஆனால் ஐந்து நாளும் ஊரே கல்யாண வீடு மாதிரி இருந்தது. அந்த மாநாட்டில்தான் கோவையில் ஒரு செம்மொழிப் பூங்கா வரும் என்று அப்போதைய முதல்வர் கருணாநிதி அறிவித்தார். நாங்கள் கைதட்டினோம்.

அப்புறம் எனக்குப் படிப்பு முடிந்தது, வேலை, துபாய், கல்யாணம், மகள். அடிக்கல் நாட்டினது 2023 டிசம்பர் 18. திறந்தது 2025. அறிவிப்பைக் கேட்டபோது எனக்கு 19 வயசு, இப்போது 35. அந்தப் பதினைந்து வருஷத்தையும் இங்கிருந்து எண்ணிப் பார்க்கிறேன். ஏப்ரலில் லீவு. மகளைக் கூட்டிக்கொண்டு நேராக அங்கேதான்.

அந்த மதிலை ஒட்டி டவுன் பஸ்ஸில் எத்தனை தடவை போயிருப்போம். உள்ளே என்ன இருக்கும் என்று ஜன்னலோரம் எக்கி எக்கிப் பார்ப்போம்.


சிங்காநல்லூர் வாத்தியார்
திங்கள், காலை 5.55

வணக்கம். காட்டூர் அம்மாவுக்கு ஒரு நல்ல செய்தி. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார் இல்லையா, தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவிக்கிற பூக்கள். அதில் "வகுளம்" என்று ஒன்று வருகிறது. அது மகிழம்பூதான். அம்மா தடியை வைத்து அளந்த மரத்துக்கு அவ்வளவு பழைய முகவரி இருக்கிறது.

நான் போன வாரம் இரண்டு நாள் போனேன். முப்பது வருடம் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவன். சங்க இலக்கியச் செடிகளைப் பையன்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் ஒன்றுக்கு மருதமலை அடிவாரம், இன்னொன்றுக்கு வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா, வேறொன்றுக்கு யார் வீட்டுக் கொல்லையோ. இங்கே செம்மொழி வனம் என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள். கடையெழு வள்ளல்களுக்குச் சிலையும் இருக்கிறது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைப் பார்க்கிற பிள்ளை அடுத்து முல்லைக்கொடியைத் தேடும். தேட வேண்டும். ஒரு பையனுக்கு இலையும் பாட்டும் ஒரே நாளில் கிடைத்துவிட்டால் இரண்டையும் மறக்க மாட்டான். என் அனுபவத்தில் கண்டது இது.

இந்த மண்ணுக்கு இன்னொரு கதையும் உண்டு, துபாய்த் தம்பி. 1908இல் வ.உ.சி.யைக் கொண்டுவந்து அடைத்தது இந்தக் கோவைச் சிறையில்தான். செக்கு இழுக்க வைத்ததும் இங்கேதான். அந்தச் செக்கை நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். பிறகு 1910இல் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். மாடு இழுக்க வேண்டிய செக்கை மனிதனை இழுக்க வைத்த இடத்துக்குப் பக்கத்தில் இன்றைக்குப் பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றன. பூங்காவுக்குப் போகும் பெற்றோர் இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.


காட்டூர் அக்கா
திங்கள், காலை 6.30

சார், "வகுளம்" என்று அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பேர்ல எங்க ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா" என்றார்! அவர் பிறந்தது பவானிப் பக்கம். கோயில் மகிழ மரத்தடியில் விடிகாலையில் பூப் பொறுக்கப் போவார்களாம். அது காய்ந்தாலும் வாசம் போகாது என்று துணிப்பெட்டியில் போட்டு வைப்பார்களாம். இத்தனை வருஷத்தில் எனக்கு இதைச் சொன்னதே இல்லை. ஒரு செடியைப் பார்க்கப் போய் அம்மாவின் சின்ன வயசிலிருந்து ஒரு துண்டு எனக்குக் கிடைத்திருக்கிறது.


மூலனூர்க்காரன், இப்போது திருப்பூர்
திங்கள், பகல் 1.15

கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளை. சீக்கிரம் எழுதுகிறேன்.

பொங்கல் லீவில் பிள்ளைகளோடு போனோம். கூட்டம்தான், ஆனால் 45 ஏக்கர் என்பதால் நடக்க நடக்கப் பிரிந்துவிடுகிறது. பெரியவள் பத்தாம் வகுப்பு, பரீட்சைப் பயத்தில் ஒரு மாதமாகச் சிரிக்கவே இல்லை. ரோஜாத் தோட்டத்தில் ஒவ்வொரு செடியாக நின்று பெயர் படித்துக்கொண்டே போனாள். ஆயிரத்துக்கு மேல் ரோஜா ரகங்கள் என்கிறார்கள். நாற்பது வரை எண்ணிவிட்டு "அப்பா, இன்னொரு நாள் மிச்சம்" என்றாள்.

வாத்தியார் சார், 99 பூ என்றீர்களே, அதில் முதல் பூ செங்காந்தள் என்று மகள் சொல்கிறாள். சரிதானா? சரியென்றால் எங்கள் ஊர்ப் பெருமையை ஒரு நாலு வரி சொல்ல வேண்டும்.


சிங்காநல்லூர் வாத்தியார்
திங்கள், மாலை 4.40

முற்றிலும் சரி. காந்தளில்தான் தொடங்குகிறார். மகளுக்கு என் ஆசீர்வாதம், தமிழில் நூறு வாங்குவாள். ஊர்ப் பெருமையைச் சொல்லுங்கள்.


மூலனூர்க்காரன், இப்போது திருப்பூர்
திங்கள், இரவு 10.05

இப்போதுதான் வீடு வந்தேன்.

செங்காந்தள் நம் மாநிலப் பூ. புத்தகத்தில் அதன் படத்தைப் பார்த்தபோது எனக்கு எட்டு வயசு. "இது நம்ம கண்வலிப் பூ" என்று வகுப்பிலேயே கத்திவிட்டேன். மூலனூர், தாராபுரம் பக்கமெல்லாம் கண்வலிக்கிழங்குதான் வெள்ளாமை. விதைக்காக வளர்ப்பது. மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது, அதில் கோல்ச்சிசின் என்ற மருந்துப் பொருளை எடுக்கிறார்கள். விதையும் கிழங்கும் விஷம். அதனால் சின்னப் பிள்ளைகளைத் தோட்டத்துக்குள் லேசில் விட மாட்டார்கள்.

ஆனால் பூப் பூக்கிற மாதங்களில் வீட்டில் கை தேறினவர்கள் எல்லாரும் விடிகாலையில் தோட்டத்தில் இருக்க வேண்டும். பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும், கையால். தேனீயை நம்பினால் காய்ப்பிடிப்பு குறைவு. கம்பிப் பந்தலில் தீக்கொழுந்து மாதிரி வரிசையாகப் பூத்து நிற்கும். என் அப்பா ஒரு பூவைக்கூடத் தவறவிட மாட்டார். நான் அந்த வேலையை விட்டுப் பனியன் கம்பெனிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. பூங்காவில் மகரந்தத் தோட்டம் என்ற பெயரைப் பார்த்ததும் என் விரல் நுனியில் அந்த மஞ்சள் பொடி ஞாபகம்தான் வந்தது. சின்னவனுக்கு அங்கேயே நின்று சொல்லிக் கொடுத்தேன். இதுவரை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததிலேயே அவன் இவ்வளவு கவனமாகக் கேட்டது இதைத்தான்.


நர்சரித் தங்கச்சி
செவ்வாய், காலை 7.10

அண்ணா, அருமை. உங்கள் அப்பாவுக்கு வணக்கம்.

நான் ரோஜாவைப் பற்றிப் பேசுகிறேன், என் பிழைப்பு அது. மேட்டுப்பாளையம் ரோட்டில் நர்சரி வைத்துப் பன்னிரண்டு வருஷம். ஊட்டி ரோஜாத் தோட்டம் 2,200 மீட்டர் உயரத்துக் குளிரில் இருக்கிறது. நம் ஊர் 400 மீட்டர் சொச்சம். சித்திரை வெயிலில் ரோஜா சிறுத்துப் பூக்கும், நிறம் வெளுக்கும். அந்த மாதத்தில் போய்விட்டு "என்ன இது, வாடியிருக்கு" என்று யாரும் சொல்லாதீர்கள். அது செடி ஓய்வெடுக்கிற நேரம். மழை முடிந்து கவாத்து செய்தால் நாற்பத்தைந்து நாளில் திரும்பப் பூத்துத் தள்ளும். கார்த்திகையிலிருந்து மாசி வரைதான் கோவை ரோஜாவுக்குப் பொற்காலம். ஆகவே இப்போதே போய்விடுங்கள்.

இன்னொன்று. அவை எல்லாம் ஒட்டுச் செடிகள், காட்டு ரோஜா வேரில் நல்ல ரகத்தை ஒட்டி வளர்த்தவை. ஒட்டுக்கட்டுக்குக் கீழே இருந்து ஒரு தளிர் கிளம்பினால் அதை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காட்டு ரோஜா மேலே ஏறி நல்ல ரகத்தை அமுக்கிவிடும். ஆயிரம் ரகத்துக்கும் ஒருத்தர் குனிந்து குனிந்து இதைப் பார்த்தாக வேண்டும். களை எடுத்துக்கொண்டிருந்த அக்காவைக் காட்டூர் அக்கா சொன்னாரே, அந்த மாதிரிக் கைகளால்தான் இந்தப் பூங்கா நிற்கும். போகிறவர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை நல்லா இருக்குதுன்னு சொல்லிவிட்டு வாருங்கள். எங்கள் நர்சரியில் யாராவது அப்படிச் சொன்னால் அந்த நாள் பூராவும் எங்களுக்கு வெயிலே தெரியாது.

அப்புறம் அம்மாவின் மகிழம். மெதுவாகத்தான் வளரும் அக்கா. வாரா வாரம் அளந்தால் ஏமாற்றமாக இருக்கும், மாதம் ஒரு தடவை போதும் என்று சொல்லுங்கள்.


காட்டூர் அக்கா
செவ்வாய், காலை 7.25

சொல்ல மாட்டேன் தங்கச்சி. வாரா வாரம் அளக்கட்டும். அவர் நடக்க வேண்டும், அதுதானே எனக்கு வேண்டியது.


நர்சரித் தங்கச்சி
செவ்வாய், காலை 7.27

அட ஆமாம்! சரி அக்கா, வாரா வாரமே.


மயிலாப்பூருக்கு வாழ்க்கைப்பட்டவள்
செவ்வாய், மாலை 6.50

நான் பிறந்தது கோவை ரேஸ்கோர்ஸ், இருப்பது சென்னை. இங்கேயும் ஒரு செம்மொழிப் பூங்கா இருக்கிறதே, கதீட்ரல் ரோட்டில். பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடம். 2010 நவம்பரில் திறந்தார்கள், 20 ஏக்கர். திறந்த புதிதில் என் பையனைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிப் போனேன். கொடி ஏறாத பந்தலையும் முழங்கால் உயரச் செடிகளையும் பார்த்து, இதுக்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்தேன். அவனுக்கு இப்போது வயசு பதினாறு, என்னைவிட உயரம். பந்தல் முழுக்கக் கொடி மூடிவிட்டது. போன மாதம் அதன் கீழ் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினோம், எந்த குரூப் எடுப்பது என்று. வீட்டில் பேசினால் சண்டை வரும் விஷயம், அங்கே வரவில்லை.

அதனால் கோவைப் பூங்காவில் மரமெல்லாம் சின்னது, வெயில் அடிக்கிறது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். மரம் வைத்த வருஷத்தில் நிழல் கேட்கக் கூடாது. இப்போதைக்கு வெயிலுக்கு முந்தியும் வெயில் தாழ்ந்தும் போனால் போதும். எனக்குப் பிறந்த வீட்டுக்கு வர இன்னொரு காரணம் கிடைத்திருக்கிறது, அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன். அப்பாவுக்கு இந்த மாதம் எழுபது முடிகிறது, கோவை வருகிறேன்!


துபாய்த் தம்பி
செவ்வாய், இரவு 8.30

எழுபதா! அங்கிளுக்கு வாழ்த்துகள் சொல்லுங்கள் அக்கா. அவர் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வந்த ஆள் நான்.

ஒரு கேள்வி. இப்போது திறந்திருப்பது முதல் கட்டம் மட்டும், மொத்தத் திட்டம் 165 ஏக்கர் என்று படித்தேன். சரிதானா?


சிங்காநல்லூர் வாத்தியார்
புதன், காலை 5.50

ஆம் தம்பி. இரண்டு கட்டம். முதல் கட்டம் இந்த 45 ஏக்கர், செலவு 208 கோடியே 50 லட்சம். இரண்டாவது, சிறை இருக்கும் மீதி 120 ஏக்கர். காரமடைப் பக்கம் பிளிச்சியில் புதுச் சிறை கட்டி மாற்றிய பிறகுதான் அந்த இடம் கிடைக்கும்.

எனக்கு இதில் ஓர் ஆசை உண்டு. அந்த 120 ஏக்கரில் ஒரு பகுதியையாவது வெட்டி அழகு பண்ணாமல் அப்படியே புதர்க்காடாக விட வேண்டும். எருக்கு, ஆவாரை, கிலுகிலுப்பை, ஊமத்தை எல்லாம் இஷ்டத்துக்கு வளரட்டும். கிலுகிலுப்பைச் செடி இருந்தால் கறுப்பில் வெளிர்நீலக் கோடு போட்ட பட்டாம்பூச்சிகள் கூட்டமாக வந்து மொய்க்கும். கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அவை வருடா வருடம் வலசை போகின்றன, நம் ஊர் வழியில் இருக்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் சிங்காநல்லூர்க் குளத்துக் கரையில் நின்றால் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். காந்திபுரம் நடுவில் அவை இறங்க ஓர் இடம் இருந்தால் எப்படி இருக்கும்! ரோஜாவுக்குக் கை வேண்டும், தங்கச்சி சொன்ன மாதிரி. எருக்குக்கு யாரும் தொடாமல் விட்டாலே போதும். இரண்டுக்கும் அங்கே இடம் இருக்கிறது.

குறிஞ்சி இருக்கிறதா என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: பன்னிரண்டு வருடக் குறிஞ்சி சமவெளியில் வளராது, அதற்கு மலைதான் வேண்டும். 2018இல் மூணாறுப் பக்கம் பூத்தது, அடுத்தது 2030. அதற்கும் எல்லாரும் சேர்ந்து ஒரு வண்டி பிடிப்போம்.


மூலனூர்க்காரன், இப்போது திருப்பூர்
புதன், பகல் 1.20

2030க்கு என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் சார். பெரியவள் அப்போது காலேஜ் முடிக்கிற வயசில் இருப்பாள்.

நீங்கள் சொன்னதை அவளிடம் சொன்னேன். நூறு வாங்குவேன் என்று சொன்னவருக்காகவே படிக்கப் போகிறாளாம். நேற்று ராத்திரி 99 பூவையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அடுத்த தடவை பூங்காவுக்கு அந்தத் தாளைக் கொண்டுபோய் எத்தனை இருக்கிறது என்று டிக் போடுவாளாம்.


மயிலாப்பூருக்கு வாழ்க்கைப்பட்டவள்
புதன், இரவு 9.00

அப்பா விழாவுக்கு 31ஆம் தேதி சனிக்கிழமை கோவையில் இருப்பேன். மறுநாள் ஞாயிறு காலையில் எல்லாரும் பூங்காவில் சேரலாமா? திருப்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரம்தானே.


மூலனூர்க்காரன், இப்போது திருப்பூர்
புதன், இரவு 9.12

வருகிறோம். நாலு பேரும். தாளோடு.


நர்சரித் தங்கச்சி
புதன், இரவு 9.15

நானும். ஞாயிறு கடையை மதியம் திறந்துகொள்கிறேன். மகளுக்கு ஒட்டு எப்படிக் கட்டுவது என்று காட்ட ஒரு ரோஜாச் செடி கொண்டு வருகிறேன் அண்ணா, வெளியே வந்ததும் கொடுத்துவிடுகிறேன். பரீட்சை முடியும் வரை தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு.


சிங்காநல்லூர் வாத்தியார்
வியாழன், காலை 5.45

வருகிறேன். ஏழு மணிக்கு வாசலில் இருப்பேன்.


துபாய்த் தம்பி
வியாழன், காலை 8.05

எல்லாரும் அங்கே, நான் மட்டும் இங்கே. சரி, வீடியோ காலில் கூப்பிடுங்கள், பாரி சிலையையும் ரோஜாவையும் மகளுக்குக் காட்ட வேண்டும். அவளுக்குத் தமிழ் எழுத்து இப்போதுதான் வருகிறது, செடிப் பலகையைப் பக்கத்தில் காட்டினால் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். வெயிலுக்கு முந்தி என்றால் எங்களுக்கு விடிகாலை ஐந்தரை. எழுப்பிவிடுகிறேன்.


காட்டூர் அக்கா
ஞாயிறு, பகல் 12.40

இன்னும் யாரும் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டீர்கள், நான் பக்கம் என்பதால் முதலில் எழுதுகிறேன். அம்மா சாப்பிட்டுப் படுத்துவிட்டார். இன்றைக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் நடந்திருக்கிறார், இரண்டு இடத்தில் மட்டும் உட்கார்ந்தார். வாத்தியார் சார் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததை என் போனில் எடுத்திருக்கிறேன், எல்லாருக்கும் அனுப்புகிறேன். துபாய்க் குட்டி "ம-கி-ழ-ம்" என்று படித்ததை அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

திருப்பூர்ப் பெரியவளின் தாளில் இன்றைக்கு 23 டிக். சந்தேகமான ஐந்தைச் சார் தனியாக எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

மகிழம், தடியின் பிடிக்கு இரண்டு விரல் கீழேதான் இன்னும். ஆனால் நுனியில் இரண்டு புது இலை விட்டிருக்கிறது, செம்பு நிறத்தில். அம்மா பார்த்தார். அடுத்த ஞாயிறும் போகிறோம்.